கண்ணீர் அஞ்சலியில் சுற்றி வந்த பீட்சா

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சல்லடை போட்டுத் தேடினாலும், உயிரோடு இருக்கும்போதே பேய் உத்தியோகம் பார்த்த பெண்மணி எங்கள் மோகினி ஒருத்தியாகத்தான் இருப்பாள். நம்பாதவர்கள் அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் பழைய ஹாஸ்டல் சந்தில் போய் விசாரித்துக்கொள்ளலாம். பால் போடுகிறவர் இன்றைக்கும் அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்துவதில்லை. பாக்கெட்டைக் காம்பவுண்டுக்கு மேலே வீசிவிட்டுப் பறந்துவிடுகிறார்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பனைமர உயரம், ஒடித்தால் ஒடிந்துவிடும் உடம்பு, முழங்காலைத் தொடும் தலைமுடி. ஞாயிற்றுக்கிழமை அந்த முடியைச் சீயக்காய் போட்டு அலசி, வெள்ளை நைட்டியோடு மொட்டை மாடியில் விரித்துக் காயவைப்பாள். சந்தில் ஆள் நடமாட்டம் அத்தோடு சரி. நடந்தால் காலடிச் சத்தமே வராது. நாம் பல் தேய்த்துக்கொண்டிருப்போம். கண்ணாடியில் பார்த்தால் நமக்குப் பின்னால் நிற்பாள். எப்போது வந்தீர்கள் என்று கேட்டால், "நான் அப்பவே வந்துட்டேனே" என்பாள். கிணற்றுக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல் ஒரு குரல்.

வேலையும் தோற்றத்துக்குத் தோதாக அமைந்திருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கண்ணீர் அஞ்சலி வந்தால் மட்டும் மோகினியைக் கூப்பிடுவார்கள். இறந்தவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, உதட்டில் லேசாக ஒரு சிரிப்பை வரவழைத்து, பின்னால் நாலு மேகம் வைத்து, இரண்டு பக்கமும் விளக்கேற்றிவிடுவாள். "உசுரோட இருந்தப்ப எங்கப்பா இவ்வளவு லட்சணமா இருந்ததில்லைங்க" என்று வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே பாராட்டிவிட்டுப் போவார்களாம்.

எங்கள் ஹாஸ்டல் வேலைக்குப் போகும் பெண்களுக்கானது. நடத்தியவர் வார்டன் மாமி. ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். வெங்காயமும் பூண்டும் அவர் வாசற்படியைத் தாண்டியதே இல்லை. ஒரு நாள் சாம்பாரில் பூசணி, கூட்டில் புடலங்காய். மறுநாள் அவை இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். நானோ மணப்பாறைக்காரி. சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளாமல் கஞ்சிகூடக் குடித்ததில்லை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. அப்படி ஒரு சாயங்காலம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். என் புடவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கிணற்றுக் குரல் வந்தது.

"வெங்காயம் தின்னணும்போல இருக்கா?"

என் கையிலிருந்த வாளி படிக்கட்டில் உருண்டு கீழ்வீடு வரைக்கும் போனது.

"ஆமாக்கா" என்றேன், அழாத குறையாக.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் கோடி ரூமுக்கு வா. யார்கிட்டயும் மூச்சு விடாத. பயப்பட மாட்டியே?"

"எதுக்குக்கா பயம்?"

"ஒண்ணுமில்ல, அது பேய் ரூம்" என்றாள், அது பாத்ரூம் என்று சொல்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி திருவானைக்காவலில் இருந்த அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருப்பார். யார் பையில் என்ன வருகிறது என்று மோந்து பார்க்கச் சொல்லி அவருக்கு மாமியின் உத்தரவு. ஆனால் மோகினி கொண்டுவரும் உருளையை மட்டும் அவர் தொடமாட்டார். அது கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கி வழிவிடுவார். அந்த உருளைக்குள்ளேதான் பீட்சா பெட்டிகள் இருக்கும்.

நான் கோடி ரூம் கதவைத் தள்ளியபோது உள்ளே அரை இருட்டு. ஜன்னலெல்லாம் சாத்தி, ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கட்டில்கள். ஒன்றில் பழைய பேப்பர். இன்னொன்றில் மடிப்புக் கலையாத போர்வை, தலையணை, யாரோ இப்போதுதான் எழுந்து முகம் கழுவப் போன மாதிரி. அதற்கு மேலே சுவரில் ஓர் இளம்பெண்ணின் படம், மாலை போட்டு. கண் நம்மையே பார்த்தது. பின்னால் மேகம் இருந்தது. யார் கைவண்ணம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

தரையில் ஃப்ளெக்ஸை விரித்திருந்தார்கள். தேதி தப்பாக அடித்து வீணாய்ப் போனது. யாரோ ஒரு பெரியவர், ஜமுக்காளம் அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது மீசையின்மேல் ஸ்டெல்லா டீச்சர் உட்கார்ந்திருந்தார். கான்வென்ட்டில் கணக்கு டீச்சர், ஹாஸ்டலில் நெடுநாள் வாசி. நெற்றியில் நூர்ஜஹான், ஜவுளிக்கடை கேஷியர். எனக்குக் காது ஓரமாக இடம் கொடுத்தார்கள்.

"மிதிச்சிட்டுப் போகாத, சுத்தி வா. பெரியவர் பாவம்" என்றாள் மோகினி.

அப்புறம் பெட்டியைத் திறந்தாள். ஐயோ, அந்த வாசனை! வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், உருகிய சீஸ் எல்லாம் சேர்ந்து குப்பென்று முகத்தில் அடித்தது. அதுவரைக்கும் இருந்த பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சும்மா ஒன்றிரண்டு அல்ல, ஆளுக்கு ஒரு பெரிய பீட்சா, அதற்கும் மேலே பொதுவில் நடுவே ஒன்று. தட்டு கிடையாது, கத்தி கிடையாது. கையால் பிய்த்து, சீஸ் நூல் முகவாய் வரைக்கும் இழுபட, நாலு பேரும் ஒன்றும் பேசாமல் முதல் துண்டைத் தின்போம். இரண்டாம் துண்டில்தான் பேச்சு ஆரம்பிக்கும். மூன்றாம் துண்டில் அவரவர் ஆபீஸ் மேனேஜரைத் திட்டுவோம். அதற்கப்புறம் எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் சிரிப்போம், வெளியே கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு. பொத்தினால் சிரிப்பு இன்னும் கூடத்தான் வரும்.

மோகினி தின்பதைப் பார்க்க வேண்டும். அந்த ஈர்க்குச்சி உடம்பில் எங்கேதான் போகுமோ! நாங்கள் மூன்று பேரும் மூச்சு முட்டிச் சுவரில் சாய்ந்த பிறகும் அவள் நிதானமாக, ஓரம்கூட மிச்சம் வைக்காமல் தின்றுகொண்டிருப்பாள். "பீட்சாவைத் தனியா உக்காந்து தின்னா அது வெறும் ரொட்டி" என்பாள். மிஞ்சும் மிளகாய்த்தூள் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து மறுநாள் மாமியின் உப்புமாவில் தூவிக்கொள்வாள்.

தின்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. முதல் துண்டைப் பிய்த்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துப் படத்துக்குக் கீழே வைப்பாள். அன்றைக்குத்தான் கேட்டேன், யார் அது என்று.

"பூங்கொடி. என் ரூம்மேட். லால்குடிப் பக்கம், வயக்காடு இருக்கிற வீட்டுப் பொண்ணு. ஒரு நாள் அண்ணனுங்க ரெண்டு பேரும் கார்ல வந்தாங்க. கல்யாணம் பேசியாச்சு, கெளம்புன்னாங்க. மாட்டேன்னா. தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. கார் ஜன்னல் வழியா, 'என் கட்டிலை யாருக்கும் விட்றாதக்கா, எப்படியும் வந்துருவேன்'னு கத்திக்கிட்டே போனா."

"எப்பக்கா செத்தாங்க?"

"அவ எங்க செத்தா?"

வாயிலிருந்த பீட்சா அப்படியே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். பூங்கொடியின் போன் அன்றோடு செத்துப்போனது. மோகினி லால்குடிக்கே போய்க் கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி ஹைதராபாத் போய்விட்டாள் என்று சொல்லி கேட்டைச் சாத்திவிட்டார்கள். இங்கே மாமி அந்தக் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுக்கப் பார்த்தார். காலியாக வைக்க முடியாது, விதிமுறை என்றார். மோகினி யோசித்தாள். தன் கடையிலேயே பூங்கொடிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்து எடுத்துக்கொண்டு வந்து காட்டிவிட்டாள். அச்சில் வந்தால் மாமி எதையும் நம்பிவிடுவார். அழுதார். அழுதுவிட்டு, அடுத்த வாரமே புதுக்கோட்டைப் பெண் ஒருத்தியை அந்த ரூமில் குடிவைத்தார்.

"அதான், வேற வழியில்லாம பூங்கொடி பேயா வந்தா" என்றாள் மோகினி.

வந்த பேய் லேசுப்பட்டதல்ல. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மோகினி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் குப்புறப் படுத்துத் தன் தலைமுடியைக் கீழே தொங்கவிடுவாள். அது சரியாகக் கோடி ரூம் ஜன்னலில் வந்து ஆடும். நூலில் கட்டிய கொலுசை ஓட்டின்மேல் இழுப்பாள். புதுக்கோட்டைப் பெண் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். பயந்தவள்போல் மோகினியும் வேறு ரூமுக்கு மாறிக்கொள்ள, மாமி கோடி ரூமைப் பூட்டிவிட்டார்; பழைய சாவி ஒன்று மோகினியிடமே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரூமிலிருந்து வரும் பூண்டு வாசனைக்கு மாமியே ஒரு காரணம் கண்டுபிடித்தார்: "பாவம், அந்தப் பொண்ணு பூண்டுக்கு ஏங்கி ஏங்கியே போயிட்டாடீ. நான் தளிகையிலே ஒரு நாளாவது போட்டிருக்கலாம்."

"உசுரோட இருக்கவங்க படத்துக்கு மாலை போடலாமாக்கா?" என்று கேட்டேன்.

"செத்துட்டதா சேதி பரவுனா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க இல்ல? நான் அவளுக்கு நூறு வயசு வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றாள். ஆனால் நேராகவே இருந்த மாலையை மறுபடி மறுபடி சரிசெய்துகொண்டிருந்தாள். "கட்டில் போச்சுன்னா அவளுக்குத் திரும்பி வர எடமில்ல. அதான் எனக்குத் தெரியும். மத்தது எதுவும் தெரியாது."

நானும் அன்றிலிருந்து பேயின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். வேறென்ன செய்வது, உப்பைத் தின்றாயிற்று, சீஸையும் தின்றாயிற்று.

ஒரு விஷயம்தான் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. படத்துக்கு வைக்கிற துண்டு சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும். மோகினிதான் திரும்ப வந்து தின்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ரூமில் நாலு பேரும் தின்றுகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. நூர்ஜஹான் என் தோளைப் பிடித்துக்கொண்டாள், நான் டீச்சர் புடவையைப் பிடித்துக்கொண்டேன். கரண்ட் வந்தபோது தட்டு காலி. நாலு பேர் கையிலும் அவரவர் துண்டு பாதி கடித்தபடி இருந்தது.

"யாருடீ எடுத்தது? விளையாடாதீங்க" என்றார் டீச்சர், சிலுவையைத் தொட்டுக்கொண்டு.

"யா அல்லா, நான் இல்ல!"

நாங்கள் மூவரும் மோகினியைப் பார்த்தோம். அவள் முகம் வெளுத்திருந்தது. "நானும் இல்லடீ" என்றாள். சொன்னதோடு சரி. பேய்க் கடை நடத்தினவள்தான் முதலில் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

ஆடி பிறந்தது. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரெல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இடம் தேடி அலைந்தார்கள். மாமி ஒரு நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்திவைத்துச் சொன்னார்: "நேக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா எத்தனை நாளைக்கு ஒரு ரூமைப் பூட்டிப் போடறது? கொள்ளிடத்துக்கு அந்தண்டை ஒரு பூசாரி இருக்காராம். ஞாயித்துக்கிழமை வரார். அந்தப் பொண்ணு நல்லபடியா போய்ச் சேரட்டும். மறுநாள் ரெண்டு பேர் அந்த ரூமுக்கு வரா."

மோகினி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பேயே இல்லை என்று உண்மையைச் சொன்னாலும் கட்டில் போகும். பேயை ஓட்டினாலும் கட்டில் போகும். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "பூங்கொடி என்மேல வரப்போறா. ரூமை விட்டுப் போக மாட்டேன்னு அவளே சொல்லட்டும். நீங்க மூணு பேரும் பயந்த மாதிரி நடிச்சாப் போதும்."

எனக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

ஞாயிறு காலை. ஹால் முழுக்கச் சாம்பிராணிப் புகை. நடுவில் கோலம், எலுமிச்சம்பழம், வேப்பிலை. பூசாரி நல்ல ஆகிருதி. இடுப்பில் செல்போன், கையில் உடுக்கை. மாமி விபூதி படாத தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். உடுக்கை அடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மோகினி கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தாள். எல்லாம் தெரிந்த எனக்கே பல் கிடுகிடுத்தது.

"யாரு நீ? உண்மையைச் சொல்லு!"

"பூங்கொடிடா!"

"உனக்கு என்ன வேணும்? கோழி வேணுமா? சேலை வேணுமா? சாராயம் வேணுமா?"

மாமி காதைப் பொத்திக்கொண்டார்.

"பீட்சா!"

உடுக்கை தாளம் தப்பியது. ஆனால் பூசாரி தொழிலில் ஊறினவர். அசரவில்லை. "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்றார்.

"நான்…" என்று ஆரம்பித்த ஆவி, மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெஜ்ஜே போதும். பெருசா ஆறு" என்றது.

பூசாரி இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "அட்ரஸ் சொல்லுங்கம்மா."

மாமி சொன்னார். "வெங்காயம் வேண்டாம்னு போடுங்கோ."

"வெங்காயம் இல்லேன்னா போக மாட்டேன்!" என்று ஆவி வீறிட்டது.

"சரி சரி, போட்டுக்கட்டும்! பெருமாளே, போட்டுக்கட்டும்!"

பீட்சா வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது ஆவிக்கு. நடுவில் ஒரு தடவை கொட்டாவிகூட விட்டது. வந்தவர் ஹெல்மெட்டோடு வாசலில் நின்று உள்ளே பார்த்தார். புகை, வேப்பிலை, விரித்த தலை. பெட்டிகளை வாசற்படியிலேயே வைத்தார். "ரேட்டிங் மட்டும் போட்டுருங்க மேடம்" என்றது தெருக்கோடியிலிருந்து கேட்டது.

ஆவி தின்னத் தொடங்கியது. வாசனை ஹாலைத் தூக்கியது. எங்கள் மூன்று பேருக்கும் வாயில் எச்சில் ஊறி நின்றது. நூர்ஜஹான் என் காதில், "அக்கா நம்மளை மறந்துருச்சுடீ" என்றாள். அது ஆவிக்குக் கேட்டுவிட்டது.

"என் தோழிங்க மூணு பேரும் என்கூட உக்காந்து தின்னணும்!"

உட்கார்ந்துவிட்டோம். உடுக்கைத் தாளத்துக்கு ஏற்ப மென்றுகொண்டு, பயந்த முகத்தோடு, நடு ஹாலில், மாமியின் கண்ணெதிரே வெங்காயம் தின்றோம். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான பீட்சா தின்றதில்லை. பூசாரிக்கும் ஒரு துண்டு போனது. எல்லாம் திட்டப்படிதான் நடந்துகொண்டிருந்தது.

திடீரென்று மோகினியின் கை பாதியில் நின்றது.

ஆட்டம் நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாய் திறந்தது. வந்தது கிணற்றுக் குரல் அல்ல. மெல்லிசான, படபடவென்று பேசுகிற, சின்னப் பெண்ணின் குரல்.

"அக்கா, என் படத்துக்கு ஏங்க்கா மாலை போட்டே?"

ஸ்டெல்லா டீச்சர் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. பூங்கொடியோடு பழகினவர் அவர். "மாதாவே, இது அவ குரல்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நான் சாகலக்கா. தண்ணி எரையற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. ராவும் பகலும் அதே சத்தம். கதவு தெறந்துதான் கெடக்கு. எங்க போறதுன்னுதான் தெரியல. பசிக்குதுக்கா." அப்புறம் மிகவும் தயங்கி, "என் கட்டில் இன்னும் இருக்காக்கா?" என்றது.

உடுக்கைச் சத்தம் எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது. பூசாரியின் நெற்றியில் வேர்வை வழிந்து குங்குமம் இறங்கிக்கொண்டிருந்தது. "அம்மா," என்றார் மாமியிடம், "செத்தவங்க வந்து பேசுனா ஓட்டலாம். இது உசுரோட இருக்கற பொண்ணும்மா. இதுக்கு எனக்கு மந்திரம் தெரியாது. என்னை விட்டுருங்க." சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார். எலுமிச்சம்பழம் மட்டும் உருண்டு கிடந்தது.

மோகினி கண்ணைத் திறந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "நல்லா பண்ணினேனா?" என்றாள் கிசுகிசுப்பாக. "ஏன்டீ எல்லாரும் இப்படி நிக்கிறீங்க? ரூம்ல இருந்து போக மாட்டேன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே?"

நாங்கள் சொன்னோம். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு நேராகக் கோடி ரூமுக்குப் போய், படத்திலிருந்து மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, மாமியின் காலில் விழுந்து, பொய்யை எல்லாம் ஒன்று விடாமல் கொட்டினாள். எழுந்தவள் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தண்ணி எரையறதுன்னா… அவ அத்தை வீடு முக்கொம்பு அணைப் பக்கம்னு எப்பவோ ஒரு தடவை சொல்லியிருக்கா மாமி. மதகு சத்தத்துல தூக்கமே வராதுன்னு சொன்னா. எனக்கு எப்படி இத்தனை நாளா ஞாபகம் வரல?"

மாமி அவளை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "அந்தப் பொண்ணு போயிட்டான்னு நான் அழுத அழுகையெல்லாம் பொய்யாடீ!" என்று பல்லைக் கடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மசமசன்னு நிக்காம வண்டியைக் கூப்பிடு. மிச்சம் இருக்கிற பெட்டியையும் எடுத்துக்கோ. பசிக்கறதுன்னாளே."

மாமியோடு சேர்த்து ஐந்து பேரும் ஒரே காரில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். முக்கொம்பில் இறங்கினதும் முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம். மதகுகளில் தண்ணீர் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. பட்டப்பகல், வெயில் கொளுத்துகிறது, எனக்குக் கையெல்லாம் புல்லரித்து நின்றது. டீக்கடையில் இருந்த அம்மாவிடம் கேட்டோம். "லால்குடிப் பொண்ணா? வாய்க்கால் ஓரமா அந்த ஓட்டு வீடு. பாவம், வாயே தெறக்காது" என்றார்.

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்தில் இருந்த முகம்தான். ஆனால் பாதியாய் இருந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மோகினியைப் பார்த்ததும் கீரை கையிலிருந்து நழுவியது.

"என் கட்டில் இன்னும் இருக்காக்கா?" என்றாள்.

அதே குரல். அதே தயக்கம். நூர்ஜஹான் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்குடீ. யாரையும் படுக்க விடல" என்றாள் மோகினி. சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து, சிதறிய கீரையைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் பூங்கொடி மாட்டேன் என்றே நின்றிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். எங்கள் முகத்தில் விழிக்காதே என்று அண்ணன்கள் இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். பூட்டு ஒன்றும் இல்லை. போனவளுக்கு இன்னும் இடம் வைத்திருப்பார்களா என்று இவளாகவே உட்கார்ந்துவிட்டாள். அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"நீங்கள்லாம் யாரு? இவளை அனுப்பிட்டு இவ அண்ணனுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மாமி தன் மடிசாரைச் சரிசெய்துகொண்டார். "என் ஹாஸ்டல்லே ஒரு பேய் ஒரு வருஷத்துக்கு மேலே வாடகை குடுக்காம இருந்துண்டிருக்கு. அதைக் கூட்டிண்டு போகத்தான் வந்தேன். அவா கேட்டா, பேய் வந்து அழைச்சிண்டு போயிடுத்துன்னு சொல்லுங்கோ."

அத்தை மாமிக்குப் பின்னால் நின்ற மோகினியைப் பார்த்தார். விரித்த தலை, நெற்றி நிறைய விபூதி, முடியில் சிக்கிய வேப்பிலை, ஆறடி உயரம். அத்தை சட்டென்று உள்ளே திரும்பினார். பூங்கொடியின் பையை அவரே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

முக்கொம்புப் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். பீட்சா ஆறிப்போய், சீஸ் ரப்பராகியிருந்தது. பூங்கொடி இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். மாமி ஒரு துண்டை எடுத்து, வெங்காயத்தை எல்லாம் பொறுக்கித் தள்ளிவிட்டுக் கடித்துப் பார்த்து, "தேவலையே" என்றார். நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தது அன்றைக்குத்தான்.

"நான் இங்க இருக்கேன்னு உனக்கு யாருக்கா சொன்னது?" என்று கேட்டாள் பூங்கொடி.

"நீதான் சொன்னே."

"நான் எப்பக்கா சொன்னேன்?"

மதகுத் தண்ணீர் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. மோகினி ஒரு துண்டுகூடத் தொடவில்லை. ஓரம்கூட மிச்சம் வைக்காமல் தின்கிறவள், பூங்கொடி தின்பதைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வயிறு நெறஞ்சிருக்கு, நீ தின்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என்றைக்காவது நான் தொலைந்துபோனால் எனக்காக ஊர் கூடி அழ வேண்டாம். என்னைப் பேயாக்கிவிட்டு, நான் வரும்வரை என் கட்டிலுக்குக் காவல் உட்கார்ந்திருக்க மோகினி அக்கா ஒருத்தி போதும்.